சுழி சுத்தம்

என் தம்பியின் வாய் சும்மா இருக்காது. சிங்கம்புணரியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் அவனிடம், "அக்கா என்ன பண்றாக?" என்று கேட்டார். இலையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்: "பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர். வீட்டுக்கு வந்தா கலர் டப்பாவத் தட்டிவிட்டுட்டு, கொட்டினதுக்கு ஒரு பேரு வைக்கும்."

வரிசையே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், பந்தியில் வேறு என்ன செய்ய முடியும். ஆனால் ரசம் வருவதற்குள் மனசுக்குள் ஒரு சபதம் போட்டுவிட்டேன். கலர் டப்பா என்கிறானே, அந்த ரகத்துப் படம் ஒன்றை இவன் கையாலேயே இவன் வீட்டுச் சுவரில் மாட்ட வைக்கிறேனா இல்லையா பார். எனக்குத் தலையில் ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரி பிடித்தால் விடமாட்டாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் அதை அனுபவத்தில் சொல்வார்.

ரோஷம் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். இருபது வருஷத்துக்கு மேல் வரைகிறேன். வெளியூரில் நாலு பேர் பாராட்டினால் சந்தோஷம்தான். ஆனால் எந்த மண்ணையும் மனுஷரையும் பார்த்து என் கண் பழகியதோ, அந்த ஊரில் ஒருத்தருக்குக்கூட என் படம் ஒன்றும் சொல்லவில்லை என்றால், தம்பி சொன்னது உண்மையாகிவிடும். டப்பாவைத் தட்டிவிட்டதுதான், பேர் வைத்ததுதான். அந்தப் பயம் எனக்குள் ஏற்கெனவே இருந்தது. அவன் அதை எல்லோர் முன்னாலும் இலையில் பரிமாறிவிட்டான்.

காரைக்குடியில் எங்கள் வீட்டின் பின்னறைதான் நான் வேலை செய்யும் இடம். பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த அறையில் இரண்டு சுவருக்கும் இரண்டு வேலை. கிழக்குச் சுவர், என்ன ஏது என்று தெரிகிற படங்களுக்கு. மேற்குச் சுவர், தெரியாத படங்களுக்கு. கிழக்கே வரைவதெல்லாம் கிளம்பிப் போய்விடும். பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கதவு கேட்பார்கள், தூண் கேட்பார்கள், முற்றத்தில் வெயில் விழுகிற மாதிரி கேட்பார்கள். கதவு வரைந்து வரைந்து, கண்ணை மூடினால் கீல் கிறீச்சிடுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. மேற்கே வரைவது வீட்டிலேயே நிற்கும். மதுரையில் சில தடவை, சென்னையில் ஒரு தடவை, பத்துப் பேரோடு சேர்ந்து காட்சிக்கு வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மரியாதைக்கு ரெண்டு நிமிஷம் நின்று, அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.

இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கிழக்கே அன்றைய வேலை முடிந்ததும் தட்டில் மிஞ்சுகிற வண்ணத்தை வழித்து எறிய மனசு வராது. அப்படியே மேற்கே கொண்டு போவேன். மிஞ்சின சோற்றில் தண்ணி ஊற்றி வைப்பது மாதிரிதான், மறுநாள் அதற்கு வேறு ருசி. கதவுக்கென்று குழைத்த பழுப்பு மேற்குச் சுவருக்குப் போனதும் கதவை மறந்துவிடும். அகலமாக இழுத்தால் அகலமாக வரும், சுழற்றினால் சுழலும். கிழக்கே ஒவ்வொரு கோட்டுக்கும் நான் கதவுக்குப் பதில் சொல்ல வேண்டும். கீல் இங்கே இருக்கிறதே, நீ ஏன் அங்கே வைத்தாய் என்று கதவு கேட்கும். மேற்கே கேட்பாரில்லை. இதைத்தான் பல வருஷம் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் தம்பி போன் பண்ணினான். நாங்கள் பிறந்த ஊரில் வயலை ஒட்டிப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, வைகாசியில பால் காய்ச்சுறோம். ஹால்ல நம்ம மாட்டுப் படம் ஒண்ணு வேணும். பெருசா."

"சரி."

"கொம்பு, திமிலு, வாலு, குளம்பு எல்லாம் இருக்கணும். மாடு மாடா இருக்கணும். உன் மேக்குச் செவுத்து வேலையெல்லாம் காட்டிறாத."

நம்ம மாடு என்று அவன் சொன்னது ஒரு செவலைக் காளை. தம்பிக்கு வயல் உண்டு, டிராக்டர் உண்டு, பொண்டாட்டி பிள்ளைகள் உண்டு, ஆனால் உசிர் அந்தக் காளையில்தான் இருக்கிறது. மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்டால் இதுவரை எவனும் அதன் திமிலைக் கட்டிக்கொண்டு நாலு எட்டு போனதில்லை. அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதி எனக்குப் போன் பண்ணுவதில் காட்டியிருந்தால் நாங்கள் வாரம் ஒரு தடவை பேசியிருப்போம். போனை வைத்ததும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வீட்டுக்குள் நுழைவோம், சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

கோடை லீவு விட்டதும் ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கி மாட்டை வரைந்தேன். கட்டுத்தறிக்கு எதிரே வேப்பமர நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். நிழல் நகர்ந்துவிடும், நான் நகரமாட்டேன். தம்பி பொண்டாட்டி வந்து, "மதினி, வெயிலு மண்டையப் பொளக்குது. இங்குட்டுத் தள்ளி உக்காருங்க, மாடு எங்கயும் போயிறாது" என்று மோர்ச் சொம்பை நீட்டுவாள். மாடு எங்கேயும் போகாது என்பது உண்மைதான், ஆனால் ஒரு மாதிரி நிற்கவும் நிற்காது. வாலை அடிக்கும், தோலை மட்டும் உதறும், கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கும். அது என்னைப் பார்க்கிற போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாமா என்று இருக்கும். ஐம்பது அறுபது தாள் வரைந்தேன். கொம்பு தனியாக, குளம்பு தனியாக, திமிலிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற அந்த மடிப்பு தனியாக.

காரைக்குடிக்கு வந்து, ஐந்தடி அகலக் கித்தானில் ஏற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல படம். என் தம்பிக்காக வரைந்தேன் என்பதால் பிடிவாதமாக நன்றாக வரைந்தேன். மூக்கின் ஈரம் மினுங்கியது. மூக்கணாங்கயிறு உரசிக் காய்த்த இடம் தெரிந்தது. கடைசி நாளில் தள்ளி நின்று பார்த்தபோது பின்சப்பை மட்டும் ஒரே செவலையாக, வெறிச்சென்று இருந்தது. கனமெல்லாம் கொம்புப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் கண்ணை நிறுத்த ஏதாவது வேண்டும். மேற்குச் சுவரில் செய்கிற மாதிரி, கொஞ்சம் வெளிறின செவலையைத் தொட்டு, வாலுக்கு மேலே பிரஷ்ஷை ஒரு சுழற்றுச் சுழற்றினேன். படம் சரியாக உட்கார்ந்துவிட்டது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு கையைக் கழுவினேன்.

பால் காய்ச்சுவதற்கு இருபது நாள் முன்னால், சட்டம் அடிப்பதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று சின்ன யானை என்கிற குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். புது வீட்டின் பூசாத சுவரில் சாய்த்து வைத்துத் துணியை எடுத்தேன். தம்பியோடு மஞ்சுவிரட்டுக்குப் போகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "போட்டோ மாதிரி இருக்கு" என்றார்கள். ஒருத்தர் விடாமல் அதையே சொன்னார்கள். தம்பிக்கும் முகம் பூரித்துப் போனது. அவன் என்னைப் பார்த்து, "இதைத்தானக்கா நான் சொன்னேன். உனக்கு வரைய வருது, நீதான் வரைய மாட்டேங்குற" என்றான். பாராட்டும்போதே குத்துவதற்கு என் தம்பியை விட்டால் ஆள் இல்லை.

அப்போதுதான் எங்கள் பங்காளி அண்ணன் வந்தார். அவர் கரண்டு ஆபீசில் லைன்மேன். கம்பத்தில் ஏறுவது சம்பளத்துக்கு, மாடு பார்ப்பது சந்தோஷத்துக்கு. சுற்றுவட்டாரத்தில் யார் காளை வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் பேச மாட்டார்கள். யூனிபார்ம் சட்டையோடு வந்தவர், படத்துக்குக் கிட்டே போனார். பின்சப்பைப் பக்கம் குனிந்தார். தள்ளி வந்தார். மறுபடி போய்க் குனிந்தார்.

"தங்கச்சி, இது என்னது?"

"எதுண்ணே?"

"இந்தா, வாலுக்கு மேல. சுத்திக்கிட்டு நிக்கிதே."

"அது ஒண்ணுமில்லண்ணே. அந்த எடம் வெறிச்சுன்னு இருந்துச்சு, பிரஷ்ஷ ஒரு சுழட்டுச் சுழட்டினேன்."

"துடைப்பச் சுழியில்ல போட்டு வச்சிருக்க" என்றார்.

கூட்டம் மொத்தமும் பின்சப்பைப் பக்கம் நெருங்கியது. மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கிற இடங்களைப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் மாடு வாங்குவார்கள். நெற்றியில் இருந்தால் ஒரு பலன், திமிலில் இருந்தால் ஒரு பலன். வாலுக்குக் கிட்டே சுழித்தால் அது துடைப்பச் சுழி. அந்த மாடு வந்தேறின வீட்டைத் துடைத்துப் பெருக்கிவிடும் என்பார்கள். பல்லும் நடையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சும்மா கொடுத்தாலும், எவனும் ஓட்டிக்கொண்டு போகமாட்டான். அந்த மண்ணில் பிறந்து, ஒரு வாரம் மாட்டுக்கு எதிரேயே உட்கார்ந்துவிட்டு, இது எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "பால் காய்ச்சுற வீட்டுல தொடப்பத்த மாட்டச் சொல்றியாக்கா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "டேய், அது மயிரு இல்லடா, பெயிண்ட்டு. பிரஷ்ஷு சும்மா போன எடம்."

அண்ணன் கோபப்படவில்லை. "சும்மா போனதுதான் தங்கச்சி சுழி. மாட்டு மேலயும் மயிரு சும்மாத்தான் திரும்புது. நாங்கதான் அதுக்குப் பேரு வச்சிருக்கோம்" என்றார். பேர் வைக்கிற வியாதி எனக்கு மட்டும் இல்லை போல என்று தம்பியைப் பார்த்தேன். அவன் பார்க்கிற நிலையில் இல்லை.

அப்புறம் நடந்தது பெரிய பஞ்சாயத்து. துடைப்பச் சுழி என்றால் இன்னும் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று ஒருத்தர். இல்லை, வாய் திறந்த சுழி என்பதால் சேதாரம் கம்மி என்று இன்னொருத்தர். இடது பக்கம் திரும்பியிருக்கிறதா வலது பக்கமா என்று மூன்று பேர் என் பிரஷ் போன தடத்தை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார்கள். போட்டோ மாதிரி என்று சொன்ன வாய் ஒன்றுகூட அதற்கப்புறம் கொம்பையோ மூக்கையோ பார்க்கவில்லை. கடைசியில் தம்பி, "அத மட்டும் அழிச்சிரு, மத்தது நல்லாருக்கு" என்றான். அழிக்க ரெண்டு நிமிஷம் போதும். நான் படத்தைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தம்பி பொண்டாட்டி சாப்பிட்டுப் போகச் சொல்லிக் கையைப் பிடித்தாள். அவளிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது தப்புத்தான்.

திருப்பத்தூர் தாண்டுகிறவரை மனசுக்குள் ஊரையே திட்டிக்கொண்டு வந்தேன். படிக்காத ஜென்மங்கள், சுழியாம் பலனாம், கலர் எங்கே மயிர் எங்கே. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது பின்னால் படம் நகர்ந்து இடித்தது. திரும்பிப் பார்த்தேன். துணி விலகிப் பின்சப்பை மட்டும் தெரிந்தது. அந்தச் சுழற்று என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஐந்தடி மாட்டை அவர்கள் பார்த்தது ஒரு நிமிஷம். என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த, எதையும் பார்த்து வரையாத, மேற்குச் சுவர்ப் பழக்கத்தில் சும்மா போட்ட ஒரு கோட்டைப் பார்த்தது அரை மணி நேரம். சென்னையில் தலையைச் சாய்த்த ஒருத்தரும் என் படத்தை அப்படிப் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறது, வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று என் கோட்டின் ஜாதகத்தையே கணித்துவிட்டார்கள். இவர்களுக்கு நான் வரைகிறது புரியாது என்று நான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை, ரோட்டைப் பாருங்கள் என்றேன்.

யோசித்தால் இது புதுசும் இல்லை. என் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் தினமும் தொண்டை கிழியக் கத்துவார், மூணு சுழி, மூணு சுழி என்று. ஒரு சுழி குறைந்தால் மணம் மனமாகிவிடும். அந்தச் சுழி எந்தப் பொருளைப் போலவும் இல்லை. அதை யாரும் மாடர்ன் ஆர்ட் என்று சொல்லிச் சிரிப்பதும் இல்லை. எதைப் போலவும் இல்லாமல் இருந்துகொண்டே, ஒரு மயிரிழை பிசகக்கூடாது என்கிற கட்டாயமும் இருக்கிற ஒரு கோடு. நான் கிழக்கே கட்டாயத்தை வைத்துக்கொண்டேன், மேற்கே கோட்டை வைத்துக்கொண்டேன், நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இரண்டையும் ஒரே படத்தில் வைக்கலாம் என்று எனக்குச் சொல்ல ஒரு லைன்மேன் வரவேண்டியிருந்தது.

மறுநாளே ஊருக்குத் திரும்பிப் போனேன். தம்பிக்கு ஆச்சரியம். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தான்.

"மாட்டப் பிடி. நான் நெத்தியப் பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"தொடப்பத்த அழிக்கச் சொன்னேல்ல. மிச்ச எடமாவது சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

அவன் மூக்கணாங்கயிற்றை ஒட்டப் பிடித்துக்கொண்டான். நான் கொம்புக்கு ஒரு கை தூரத்தில், பென்சிலும் தாளுமாக நின்றேன். மாட்டின் மூச்சு தாளை ஈரமாக்கியது. நெற்றி நடுவில் ஒரே ஒரு சுழி. தூரத்தில் இருந்து ஒரு வாரம் பார்த்தபோது அது எனக்கு வெறும் புள்ளி. கிட்டே நின்றால் அங்கேயிருந்துதான் முழு மாடும் புறப்படுகிறது. நடுவில் தோல் தெரிகிற ஒரு பொட்டு இடம். அதைச் சுற்றி மயிர் வலது பக்கமாகத் திரும்பி, மேலே போனது கொம்புக்கு ஏறுகிறது, கீழே போனது மூக்குக்கு இறங்குகிறது, பக்கத்தில் போனது கண்ணை நோக்கிச் சரிகிறது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு செவலை. ஒன்றில் செங்கல் நிறம், ஒன்றில் கருக்கல், வெயில் படுகிற இடத்தில் மட்டும் பொன். முக்கால் மணி நேரம் வரைந்தேன். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. என் தம்பி முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பழைய படத்தில் துடைப்பத்தை அழித்தேன். அப்புறம், ஐந்தடிக்கு ஐந்தடியில் ஒரு புதுக் கித்தானை எடுத்து, கிழக்கிலும் சாய்க்காமல் மேற்கிலும் சாய்க்காமல் அறை நடுவில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். அதில் கொம்பு இல்லை, கண் இல்லை, மூக்கு இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை சுழி மட்டும். மேற்குச் சுவர் வேலையில் எனக்கு வருகிற கை வீச்சு முழுசும் அதற்கு வேண்டியிருந்தது, தோளிலிருந்து இழுத்தால்தான் ஐந்தடி சுழலும். ஆனால் இழுத்த பிறகு தாளோடு ஒத்துப் பார்ப்பேன். இடது பக்கம் கண்ணை நோக்கி இறங்க வேண்டியது சற்றே நிமிர்ந்துவிட்டால் வழித்துவிட்டு மறுபடி இழுப்பேன். நான் இவ்வளவு சுதந்திரமாகக் கையை வீசியதும் இல்லை, இவ்வளவு கட்டுப்பட்டு வேலை செய்ததும் இல்லை. பதினோரு நாள். எட்டாம் நாள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருந்தது. பதினொன்றாம் நாள் பிரஷ்ஷைக் கீழே வைத்தபோது, கித்தான் அறைக்குள்ளே ஒரு எட்டு முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. கத்த வேண்டும் போல சந்தோஷம். கத்தினால் வீட்டுக்காரர் ஓடி வருவார் என்று அடக்கிக்கொண்டேன்.

பால் காய்ச்சின அன்றைக்கு இரண்டு படத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சட்டம் அடித்து, வண்ணத்தில் படாமல் குறுக்குக் கட்டை வைத்துப் போர்வை சுற்றியதால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. இட்லிப் பந்தி முடிந்து ஹாலில் கூட்டம் நின்றது. பெரிய சுவரைக் காலியாக விட்டு, ஆணி ஒன்று அடித்துத் தயாராக வைத்திருந்தான் தம்பி.

"ரெண்டு கொண்டாந்திருக்கேன். எது வேணுமோ மாட்டிக்க" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் உள்ளுக்குள், இங்கே இவர்கள் சிரித்தால் இனி எங்கே போய் வரைவது என்று இருந்தது.

இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்து, முதலில் முழு மாட்டை அவிழ்த்தேன். அண்ணன் நேராகப் பின்சப்பைக்குப் போனார். "தொடப்பம் போயிருச்சு" என்றார். எல்லோரும் நிம்மதியானார்கள். போட்டோ மாதிரி என்று இரண்டாம் தடவையும் சொன்னார்கள். தம்பி படத்தைத் தூக்கக் கையை வைத்துவிட்டான். "இன்னொண்ணையும் பாத்துட்டுத் தூக்கு" என்று அடுத்த போர்வையை இழுத்தேன்.

இது என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டேன். அண்ணன் மெதுவாகக் கிட்டே வந்தார். கித்தானைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி, விரலைக் காற்றில் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

"நெத்திச் சுழி. ஒத்தச் சுழி. வலஞ்சுழி" என்றார். அப்புறம், "கண்ணுக்கு ஒரு விரக்கடை மேல" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "படத்துல கண்ணே இல்லியேண்ணே. எப்பிடிச் சொல்றீக?"

"மயிரு எறங்குற தினுசு சொல்லுதே, தங்கச்சி. கண்ணு இங்குட்டு ஒண்ணு, அங்குட்டு ஒண்ணு" என்று சட்டத்துக்கு வெளியே வெறும் சுவரைத் தொட்டுக் காட்டினார். சரியாக அந்த இடம்தான். பிறகு தம்பியிடம் திரும்பினார். "நம்ம மாடுதேன். சுழி சுத்தம்."

இருபது வருஷத்தில் என் படத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடப் பெரியது ஒன்று கிடையாது. கண்ணில் தண்ணி வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, வரட்டும் என்று நின்றேன்.

தம்பி படத்துக்கு எதிரே, அன்றைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே நின்றான். அப்புறம் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, "சந்தனத்தக் கொண்டா" என்றான். புது வீட்டுக்கு வந்த சாமானுக்கெல்லாம் அவள் காலையிலிருந்து பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். பிரிட்ஜுக்கு வைத்திருந்தாள், கிரைண்டருக்கு வைத்திருந்தாள். கிண்ணத்தை வாங்கி, விரல் நிறையச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, சுழியின் நட்ட நடுவுக்குக் கையைக் கொண்டு போனான். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். ஆயில் பெயிண்ட், இன்னும் ஒரு மாசமாவது காய வேண்டும். என் படத்தில் கை வைத்தவர்களை நான் சும்மா விட்டதில்லை.

"காயலடா. தொட்டா ஒட்டிக்கிரும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே புரியாமல் கேட்டான்: "மாட்டுக்கு நெத்தியில வைக்காம வேற எங்கக்கா வைக்கிறது?"

கையை விட்டுவிட்டேன். அவன் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தான். விரலில் செவலை ஒட்டிக்கொண்டது, அதைப் பட்டு வேட்டியில் துடைத்தான், பொண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவனே ஸ்டூலில் ஏறி, அவனே தூக்கி, அவனே அந்த ஆணியில் மாட்டினான். கோணலாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். இடது பக்கம் ஒரு நூல் ஏற்றச் சொன்னேன். ஏற்றினான். முழு மாட்டுப் படத்தைத் தன் பிள்ளைகள் படிக்கிற மாடி அறைக்கு என்று மதினி முறை கொண்டாடி வாங்கிக்கொண்டாள் தம்பி பொண்டாட்டி. அன்று சாப்பிடாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே மறந்து போச்சு மதினி, மத்தியானம் ரெண்டு இலை சாப்பிட்டுத் தீத்துருங்க" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் தம்பியின் மாமனார் கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தார். பஸ் பிரேக் டவுன் என்று சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஹாலுக்கு நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தார்.

"மாட்டுப் படம் மாட்டப் போறதாச் சொன்னீகளே மாப்ள, எங்க?"

நான் சமையல் கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுக்கு முன்னாலதான் நிக்கிறீக மாமா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முட்டிரும்" என்றான்.

சிரிக்காமல்தான் சொன்னான். மாமனார் படத்தைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.